சர்க்கரை இறங்கிவிட்டதென்று அவசரப்பட்டுக் கைதட்டாதீர்கள்: மொரீஷியஸ் தமிழ்க் கோயில் நிர்வாகக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைவர்மார்களுக்கும், செயலாளர், பொருளாளர்களுக்கும், மேடையில் பெயர் வாசிக்கப்படாவிட்டாலும் எல்லா வேலையையும் செய்து முடிக்கிற மகளிரணி அக்காமாருக்கும் வணக்கம்.

உங்கள் கோயில்களில் நடக்கும் சர்க்கரைப் பரிசோதனை முகாம்களில், பிள்ளையார் சன்னதிக்குப் பக்கத்திலோ திருமண மண்டபத்து மூலையிலோ மேசை போட்டு விரல் குத்திக்கொண்டிருக்கும் ஓய்வுபெற்ற நர்ஸ் நான். அரசாங்க வேலையில் இருந்தவரை என் நாளில் பெரும்பகுதி சர்க்கரை நோயாளிகளோடுதான் கழிந்தது. அந்த உரிமையில் உங்களிடம் ஒன்று கேட்கிறேன். முகாமுக்கு வருகிறவரின் விரலைக் குத்தி, எண்ணைப் பார்த்து, "தூ கொரெக் (எல்லாம் சரி), போய்ட்டு வாங்க" என்று அனுப்புவதோடு நிறுத்தாமல், சர்க்கரை உள்ளவர்களிடம் கழுத்திலிருக்கும் தைராய்டு சுரப்பியைப் பற்றியும் நாலு கேள்வி கேட்க ஏற்பாடு செய்யுங்கள். புதுக் கருவி எதுவும் வாங்க வேண்டாம். ஒரு நாற்காலி, ஒரு பேனா, அவசரப்படாமல் காது கொடுக்கத் தெரிந்த ஒருவர் இருந்தால் போதும்.

இதை அமைச்சுக்கு எழுத வேண்டியதுதானே என்று செயலாளர் ஒருவர் என்னிடமே கேட்டார். அமைச்சுக்கும் எழுதலாம். ஆனால் ஆஸ்பத்திரி கிளினிக்கில் டாக்டருக்கு முன்னால் உட்காரும் சில நிமிடத்தில் நம் ஆட்கள் வாயைத் திறப்பதில்லை. கோயிலில் திறக்கிறார்கள். பூ கட்டும்போதும், கோயில் விருந்தின் ஏழு கறிக்குக் காய் நறுக்கும்போதும், "அக்கா, முடி கொத்துக் கொத்தா வருது", "இந்த வெயில்ல எனக்கு மட்டும் குளிருது" என்று சொல்வதெல்லாம் அங்கேதான். டாக்டருக்குப் போய்ச் சேர வேண்டிய செய்தி கோயில் அடுப்படியோடு நின்றுவிடுகிறது. அதை எடுத்துக்கொண்டு போய்க் கொடுக்க உங்களால் முடியும்.

மொரீஷியஸில் சர்க்கரையைப் பற்றி யாருக்கும் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. 1987இல் மெல்பர்னைச் சேர்ந்த பால் ஸிம்மெட் குழுவினரோடு சேர்ந்து நம் அரசாங்கம் முதல் பெரிய தொற்றாநோய்க் கணக்கெடுப்பை நடத்தியதிலிருந்து, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அது தொடர்ந்து நடக்கிறது. வயது வந்தவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்குச் சர்க்கரை என்பது நமக்கு மனப்பாடம். அதே காலத்தில் நடந்த இன்னொன்றை இளையவர்கள் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். அன்று கடைகளில் மானிய விலையில் விற்ற சமையல் எண்ணெயில் பாமாயில்தான் அதிகம். அரசாங்கம் அதை சோயா எண்ணெயாக மாற்றியது. 1987இல் லிட்டருக்கு 5.5 மில்லிமோலாக இருந்த மக்களின் சராசரி கொலஸ்ட்ரால் 1992இல் 4.7க்கு இறங்கியது. மில்லிகிராமில் எண்ணும் இந்தியக் கணக்கில் சொன்னால் 213லிருந்து 182. எண்ணெய் மட்டுமே காரணமில்லை, ஆனால் அதற்கும் நல்ல பங்கு உண்டு. நாடு முழுக்க இப்படி இறங்கிய பின்னும், மாத்திரை தவறாமல் சாப்பிட்டு, எண்ணெய்ப் பண்டத்தையும் குறைத்து, கொலஸ்ட்ரால் மட்டும் இறங்கவே இறங்காத சில பெண்களை கிளினிக்கில் பார்த்துக்கொண்டே இருந்தேன். "வீட்டுல ஒளிச்சு காத்தோ பிமாங் (மிளகாய் வடை) சாப்பிடுறீங்களா?" என்று அவர்களைக் கேலி செய்யாதவர்கள் இல்லை. அவர்களில் சிலருக்குக் கழுத்திலிருக்கும் தைராய்டு சுரப்பி மந்தமாகிவிட்டிருந்தது. தைராய்டு மந்தமானால் கல்லீரல் கெட்ட கொலஸ்ட்ராலை ரத்தத்திலிருந்து எடுக்கிற வேலையைக் குறைத்துக்கொள்ளும். தைராய்டைச் சரிசெய்தால் பல பேருக்குக் கொலஸ்ட்ரால் தானாகவே ஓரளவு இறங்கிவிடும். மந்தத் தைராய்டைக் கண்டுபிடிக்காமலே கொலஸ்ட்ரால் மாத்திரையின் அளவை மட்டும் கூட்டிக்கொண்டே போனால் தொடையும் தோளும் வலிக்கிற தொல்லையும் சேர்ந்துகொள்ளலாம்.

ஒரு முகாமில் நடந்ததைச் சொல்கிறேன். எந்த ஊர், எந்தக் கோயில் என்று கேட்காதீர்கள். காவடி முடிந்து சில நாள்தான் ஆகியிருந்தது. தார் ரோடு கொதிக்கிற வெயில். அறுபதை நெருங்கும் ஒரு அம்மா கம்பளிச் சட்டையோடு வந்து உட்கார்ந்தார். சர்க்கரை வந்து பல ஆண்டுகள். காலையும் மாலையும் மெட்ஃபார்மின் மாத்திரை, கூடவே டயாமிக்ரான் மாத்திரை. என் பக்கத்தில் இருந்த பையன் விரலைக் குத்தினான். 4.1 காட்டியது, அதாவது இந்தியக் கணக்கில் 74. மேசையைச் சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். "பத்து நாள் விரதம் இருந்தாங்கல்ல, முருகன் இறக்கிட்டார்" என்றார் ஒருவர். அந்த அம்மாவும் சிரித்தார். ஆனால் சிரிப்பு முகத்தில் பரவ நேரமானது. கண்ணுக்குக் கீழே வீக்கம். குரல் ஜலதோஷம் பிடித்தது போலக் கட்டியிருந்தது. ஜலதோஷம் இல்லையாம். கையைப் பிடித்துப் பார்த்தேன், சில்லென்று இருந்தது. புருவத்தின் வெளிக்கோடியில் முடியே இல்லை. குதிகால் வெடித்து, வெடிப்பின் ஓரம் கறுத்துக் கிடந்தது.

கேட்கக் கேட்கத்தான் வந்தது. விரதத்துக்கு முன்பே சில மாதமாகச் சாயங்காலம் நாலு மணிக்கு வேர்த்துக் கொட்டி, கை நடுங்கி, எதையாவது வாயில் போட்டால்தான் அடங்குகிறதாம். சாப்பாடு மாறவில்லை, மாத்திரை மாறவில்லை. எடை மட்டும் கூடியிருக்கிறது. "வயசாயிருச்சுல்ல" என்று அவரே காரணமும் சொல்லிவிட்டார். ஒரு தாளில் இதையெல்லாம் நாலு வரியாக எழுதி, ஊர் அரசாங்க மருத்துவ நிலையமான டிஸ்பான்சேரில் டாக்டரிடம் காட்டச் சொன்னேன். ரத்தப் பரிசோதனையில் தைராய்டு மந்தம் என்று வந்தது, அதுவும் லேசான மந்தமில்லை.

கைதட்டியவர்கள் மேல் எனக்கு வருத்தமில்லை. எண் இறங்கினால் நல்லது என்றுதான் இத்தனை ஆண்டாக அவர்களுக்கு நாமே சொல்லிக்கொடுத்திருக்கிறோம். ஆனால் சாப்பாடும் மருந்தும் அப்படியே இருக்க, எண் மட்டும் தானாக இறங்கினால் காரணம் தேடியே ஆக வேண்டும். அது தானாக ஏறினாலும் அப்படித்தான். தேட வேண்டிய இடங்களில் சிறுநீரகமும் உண்டு, கல்லீரலும் உண்டு. நம் முகாம்களில் யாருமே எட்டிப் பார்க்காத இடம் தைராய்டு.

இரண்டுக்கும் என்ன தொடர்பு என்று கேட்பீர்கள். தைராய்டு ஹார்மோன்தான் உடம்பு எவ்வளவு வேகத்தில் இயங்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்கிறது. அது குறைந்தால் குடல் சர்க்கரையை உறிஞ்சுவது மெதுவாகிறது, கல்லீரல் தன் கையிருப்புச் சர்க்கரையை வெளியே விடுவது குறைகிறது, உடம்பில் சேர்ந்த இன்சுலின் அழிந்து வெளியேறவும் நேரமாகிறது. இன்சுலின் ஊசியோ, கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கவைக்கும் டயாமிக்ரான் போன்ற மாத்திரையோ எடுப்பவருக்கு, நேற்றுவரை சரியாக இருந்த அதே அளவு இன்று அதிகமாகிவிடும். அந்த அம்மாவின் நாலு மணி வேர்வைக்கு இதுவே காரணம். தைராய்டு குறைந்தால் தசைகள் இன்சுலினுக்குச் சரியாகக் கட்டுப்படாமலும் போகும். அதனால் சிலருக்குச் சர்க்கரை இறங்காமல் ஏறவும் செய்யலாம். எப்படிப் பார்த்தாலும் பிடிபடாமல் ஆடும் சர்க்கரை ஒரு துப்பு.

தைராய்டு அதிகமாகச் சுரந்தால் கதை வேறு. கல்லீரல் சர்க்கரையை வாரி விடும், குடல் வேகமாக உறிஞ்சும், இன்சுலின் சீக்கிரம் அழிந்துபோகும். நன்றாகக் கட்டுக்குள் இருந்தவருக்குத் திடீரென்று 12, 15 என்று ஏறும். கூடவே எடை இறங்கும், நெஞ்சு படபடக்கும், விரல் நடுங்கும், வேர்க்கும். சர்க்கரை தாழ்ந்தாலும் இதே நடுக்கம், இதே வேர்வைதான் என்பதால் வீட்டில் உடனே இனிப்பை ஊட்டிவிடுகிறார்கள். ஏற்கனவே ஏறியிருப்பது இன்னும் ஏறுகிறது. நடுக்கம் வந்தால் முதலில் மெஷினில் பாருங்கள். மெஷின் தாழ்வு காட்டாமல் நடுக்கம் மட்டும் இருந்தால், நாடித்துடிப்பை ஒரு நிமிடம் எண்ணிப் பார்த்து டாக்டரிடம் சொல்லுங்கள். மெஷின் கையில் இல்லாவிட்டால் இனிப்பைக் கொடுத்துவிடுவதுதான் பாதுகாப்பு. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

இன்னொரு சிக்கல் மூன்று மாதச் சராசரி காட்டும் ஹெச்பிஏ1சி பரிசோதனையில் இருக்கிறது. அது சிவப்பணுவில் ஒட்டியிருக்கும் சர்க்கரையை அளக்கிறது. தைராய்டு மந்தமானவர் உடம்பில் புதுச் சிவப்பணு உற்பத்தி குறைந்து பழைய அணுக்கள் அதிகமாகிவிடும். அதனால் சராசரி உண்மையைவிடக் கூடுதலாகத் தெரியலாம். அதிகமாகச் சுரப்பவரிடம் அணுக்கள் சீக்கிரம் மாறுவதால் குறைவாகத் தெரியலாம். வீட்டு மெஷின் ஒன்று சொல்கிறது, லேப் தாள் வேறு சொல்கிறது என்று குழம்பி வருபவரைப் பொய் சொல்கிறார் என்று நினைத்துவிடாதீர்கள். இரும்புச்சத்துக் குறைவிலும் இந்த முரண் வரும். நம் பெண்களில் இரும்புச்சத்து குறைந்தவர்களும் நிறையப் பேர்.

பிள்ளைகள் விஷயத்தில் நான் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். சிறு வயதிலேயே வந்து ஊசி போட்டுக்கொள்ளும் முதல் வகைச் சர்க்கரையில், உடம்பின் எதிர்ப்புச் சக்தியே கணையத்தின் இன்சுலின் செல்களைத் தாக்குகிறது. அதே தாக்குதல் தைராய்டின் மேலும் திரும்பலாம். 1912இல் ஜப்பானிய அறுவைச் சிகிச்சை நிபுணர் ஹாஷிமோட்டோ விவரித்து எழுதிய தைராய்டு அழற்சி இந்த வகைதான். முதல் வகைச் சர்க்கரை உள்ள 100 பேரில் 17 முதல் 30 பேருக்கு இப்படிப்பட்ட தைராய்டு நோயும் வருகிறது. அதனால்தான் சர்க்கரை கண்டுபிடித்துக் கட்டுக்குள் வந்த கையோடு தைராய்டையும் பார்த்து, பிறகு ஓரிரு ஆண்டுக்கு ஒருமுறை திரும்பவும் பார்க்கச் சொல்கிறார்கள். உங்கள் கோயில் தமிழ் வகுப்பில் ஊசி போட்டுக்கொள்ளும் பிள்ளை யாராவது இருந்தால், கூடப் படிக்கிற பிள்ளைகள் அளவுக்கு வளரவில்லை, வகுப்பில் தூங்கி விழுகிறான் என்று ஆசிரியைக்குப் பட்டால், அம்மாவைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். எல்லோர் முன்னாலும் வேண்டாம். முதல் வகைச் சர்க்கரையோடு பிள்ளை பெற்ற தாய்மாருக்குப் பிரசவத்துக்குப் பிந்திய மாதங்களில் தைராய்டு அழற்சி வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு. "பிள்ளை பெத்த உடம்பு, சோர்வாத்தான் இருக்கும்" என்று மாமியார் சொல்லும் மாதங்களும் அவைதான்.

நம்மில் பெரும்பாலோருக்கு இருப்பது இரண்டாம் வகை. அதில் தொடர்பு இவ்வளவு நேரடியானதில்லை. ஆனாலும் சர்க்கரை இல்லாதவர்களைவிட இவர்களிடம் தைராய்டுக் கோளாறு சற்று அதிகம் என்று பல நாட்டு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆண்களைவிடப் பெண்களுக்குப் பல மடங்கு, வயது ஏற ஏற இன்னும் கூடுதல். நம் முகாம்களில் வரிசையில் நிற்பது யார் என்று ஒரு தடவை பாருங்கள், இதே ஆட்கள்தான்.

அதற்காக வருகிற எல்லோருக்கும் தைராய்டு ரத்தப் பரிசோதனை என்று பேனர் கட்டிவிடாதீர்கள். ஒரு குழுவில் இந்த யோசனை வந்தது. தனியார் லேப் ஒன்றைக் கூப்பிட்டுச் சலுகை விலையில் எல்லோருக்கும் பார்க்கலாம் என்றார்கள். நல்லெண்ணம்தான், ஆனால் நான் வேண்டாம் என்றேன். தைராய்டை வேலை வாங்கும் ஹார்மோன் டிஎஸ்ஹெச், தைராய்டு மந்தமானால் அது கூடும். வயதானவர்களுக்கு அந்த அளவு கொஞ்சம் கூடுவது சகஜம். அந்தக் கொஞ்சத்துக்குத் தைராய்டு மாத்திரை கொடுத்தால் பயனுண்டா என்று ஐரோப்பாவில் 65 வயதும் அதற்கு மேலுமான 737 பேரிடம் சோதித்து 2017இல் முடிவை வெளியிட்டார்கள். மாத்திரை சாப்பிட்டவருக்கும் மருந்தே இல்லாத வெறும் மாத்திரை சாப்பிட்டவருக்கும் சோர்விலோ மற்றத் தொந்தரவிலோ வித்தியாசமில்லை. தேவையில்லாமல் மாத்திரை கூடிப்போனால் நெஞ்சுத் துடிப்பு தாறுமாறாகும், எலும்பு தேயும். சர்க்கரை தலைதெறிக்க ஏறியிருக்கும்போதும், காய்ச்சலில் கிடக்கும்போதும் எடுத்த தைராய்டு அளவையும் நம்ப முடியாது. உடம்பு தேறிய பின் பார்க்க வேண்டும். முடி உதிர்வுக்கென்று பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு அந்த மாத்திரையே பரிசோதனை முடிவைத் திருகிவிடும். சில நாள் முன்பே நிறுத்த வேண்டும். இதையெல்லாம் கேட்டுப் பார்க்காமல் ரத்தத்தை மட்டும் எடுத்தால், முகாம் முடிந்த மறுவாரம் பயந்த முகங்கள்தான் டிஸ்பான்சேர் வாசலில் நிற்கும்.

யாரை அனுப்புவது என்பதைத் தெரிந்துகொள்ளத்தான் அந்த நாற்காலியும் பேனாவும். சர்க்கரை உள்ளவர் வந்து உட்கார்ந்ததும் சாப்பாடும் மருந்தும் மாறாமலே சர்க்கரை அளவு சமீபத்தில் ஏறியதா, இறங்கியதா என்று கேளுங்கள். எடை எப்படி என்று கேளுங்கள். மேட்டு நிலமான குயூர்பீப்பில் ஜூலைக் குளிர்காலத்தில் எல்லோருக்கும்தான் குளிரும், போர்லூயியில் ஜனவரி வெயிலில் குளிருகிறதா என்று கேளுங்கள். மலச்சிக்கல், தோல் வறட்சி, குரல் கட்டு, படபடப்பு, மாதவிடாய் தாறுமாறு, கொலஸ்ட்ரால் இறங்காதது. தோள் இறுகிப்போய்ப் பின்னல் போடக் கையைத் தூக்க முடியவில்லையா என்றும் கேட்கலாம். அது சர்க்கரையிலும் வரும், தைராய்டிலும் வரும். கழுத்தில் வீக்கம் இருக்கிறதா என்று ஒரு மடக்குத் தண்ணீர் குடிக்கச் சொல்லிப் பாருங்கள், விழுங்கும்போது மேலும் கீழும் ஏறி இறங்கும். குடும்பத்தில் யாருக்காவது தைராய்டு உண்டா, உடம்பில் வெண்புள்ளி உண்டா என்பதோடு கேள்வி முடிந்தது. இவற்றில் இரண்டு மூன்று சேர்ந்து வந்தால், முதல் வகைச் சர்க்கரையாகவோ கர்ப்பமாகவோ இருந்தால் ஒன்றுமே இல்லாவிட்டாலும், கேட்டதையெல்லாம் ஒரு சீட்டில் எழுதிக் கையில் கொடுங்கள். "தைராய்டு இருக்கு" என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அதைச் சொல்ல வேண்டியவர் டாக்டர். பரிசோதனை வேண்டுமென்று அவர் நினைத்தால் அரசாங்க ஆஸ்பத்திரியில் காசு கிடையாது.

ஏற்கனவே இரண்டுக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் நம்மில் ஏராளம். அவர்களுக்காகக் குருக்கள்மார் உதவியும் வேண்டும். தைராய்டு மாத்திரையை வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரோடு, காலைத் தேநீருக்கு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்துக்கு முன் போட வேண்டும். நம் வீடுகளில் நடப்பது என்ன? வனிலா மணக்கும் பால் டீயை ஒரு கையில் வைத்துக்கொண்டு, தைராய்டு, மெட்ஃபார்மின், பிரஷர், இரும்புச்சத்து, கால்சியம் எல்லாவற்றையும் மறு கையில் அள்ளி ஒரே விழுங்கு. இரும்பும் கால்சியமும் தைராய்டு மாத்திரையைக் குடலில் பிடித்து வைத்துக்கொள்ளும். நாலு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். மெட்ஃபார்மின் சாப்பாட்டோடு போடுவது. அதையும் வெறும் வயிற்றில் போட்டுவிட்டு வயிறு கலக்குகிறது என்று நிறுத்தியவர்களும் உண்டு.

கரேம் என்று நாம் சொல்லும் விரத காலத்தில் இது இன்னும் குழம்புகிறது. காவடிக்கு முந்திய பத்து நாளிலும் புரட்டாசியின் கோவிந்தன் சனிக்கிழமைகளிலும், பூசை முடியும்வரை பச்சைத் தண்ணீர் பல்லில் படக்கூடாது என்று மாத்திரையையும் தள்ளிவிடுகிறார்கள். பூசை முடிந்ததும் பிரசாதத்தோடு சேர்த்துப் போடுகிறார்கள், அல்லது அன்றைக்கு விட்டேவிடுகிறார்கள். ஒரு நாள் விட்டதால் தைராய்டு மாத்திரைக்குப் பெரிய நஷ்டமில்லை, அது உடம்பில் பல நாள் தங்கும். வாரக்கணக்கில் விட்டால்தான் வம்பு. சர்க்கரை மாத்திரை அப்படியில்லை. பட்டினியோடு டயாமிக்ரானோ இன்சுலினோ எடுத்துவிட்டு, பால் சொம்பைத் தலையில் வைத்து வெறுங்காலில் வெயிலில் நடந்தால், சர்க்கரை தாழ்ந்து வழியிலேயே மயங்கி விழலாம். தைராய்டும் மந்தமாக இருந்தால் ஆபத்து இரட்டிப்பு. காவடிக்குப் பெயர் பதியும்போது பெயர், வயது, எந்தக் காவடி என்று கேட்கிறீர்களே, "சர்க்கரை, தைராய்டு மாத்திரை உண்டா, விரதத்துக்கு முன் டாக்டரைப் பார்த்தாச்சா" என்று ஒரு வரியைச் சேர்த்துவிடுங்கள். குருக்கள் கொடியேற்ற நாளில் மைக்கில், டாக்டர் சொன்னபடி போடும் மாத்திரையும் அதற்கு ஒரு வாய்த் தண்ணீரும் விரதத்தைக் கெடுக்காது என்று சொன்னால் போதும். நர்ஸ் நூறு தடவை சொன்னாலும் நடக்காதது குருக்கள் ஒரு தடவை சொன்னால் நடக்கும், எனக்கு இதில் பொறாமைகூட உண்டு. சொல்லும்போது தமிழில் சொல்லிவிட்டுக் கிரியோலிலும் சொல்லச் சொல்லுங்கள். தேவாரத்தை மனப்பாடமாகப் பாடுகிறவர்களில் பாதிப் பேருக்கு மைக்கில் பேசும் தமிழ் முழுக்கப் புரிவதில்லை.

குதிகால் வெடிப்பைப் பற்றி மேலே சொன்னேன். சர்க்கரையால் பாதத்தில் உணர்ச்சி குறைந்து, தைராய்டால் தோலும் வறண்டால், வெடிப்பு ஆழமாகி உள்ளே சீழ் பிடிப்பதே தெரியாது. காவடிக்கு முந்திய வாரம் பாதத்தைப் பார்த்துக்கொள்ளச் சொல்வதற்கும் அதே மைக் இருக்கிறது. தீமிதிக்கும்தான்.

பக்கத்துப் பிரெஞ்சுத் தீவான ரியூனியனில் மகனோ மகளோ இருக்கும் வீடுகளுக்கு ஒரு வார்த்தை. அங்கிருந்து பெட்டி பெட்டியாக லெவோதிரோக்ஸ் என்கிற தைராய்டு மாத்திரை வருகிறது, இங்கே ஆஸ்பத்திரியில் கொடுப்பது அலமாரியில் கிடக்கிறது. மருந்து ஒன்றுதானே என்று மாற்றி மாற்றிப் போடாதீர்கள். 2017இல் பிரான்சில் அதே பெயரில், அதே மருந்தில், துணைப்பொருள்களை மட்டும் மாற்றியதற்கே ஆயிரக்கணக்கானோர் உடம்பு சரியில்லை என்று புகார் கொடுத்து அது பெரிய விவகாரமானது. எதற்கு மாறினாலும் டாக்டரிடம் சொல்லுங்கள், ஆறு முதல் எட்டு வாரம் கழித்து ரத்தம் பாருங்கள். தைராய்டு மாத்திரையின் அளவு மாறும்போது சர்க்கரை மருந்தின் அளவையும் திரும்பப் பார்க்க வேண்டியிருக்கும். தைராய்டு சரியாகி வரும்போது முன்பு குறைத்திருந்த இன்சுலினைக் கூட்ட வேண்டி வரலாம். இதைத் தெரிந்துகொள்ளாமல் "தைராய்டு மாத்திரை போட்டதும் சர்க்கரை ஏறிருச்சு, விட்டுட்டேன்" என்று சொன்னவர்களை நானே பார்த்திருக்கிறேன்.

பாகற்காய்ச் சாறு, வெந்தயம், பிரேட் மூரூம் (முருங்கைக்கீரை) கஷாயம் பற்றிக் கட்டாயம் யாராவது கேட்பீர்கள். முருங்கைக்கீரை நல்ல கீரை, ரசம் வையுங்கள். தைராய்டுக்கு அது மருந்தில்லை. இன்டர்நெட்டில் விற்கும் கடற்பாசி அயோடின் குப்பிகளை மட்டும் கோயில் கடைக்குள் விடாதீர்கள். அயோடின் கூடினாலும் தைராய்டு கெடும்.

உங்களிடம் நான் எதிர்பார்ப்பது இவ்வளவுதான். அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்தின் அஜெண்டாவில், அலங்காரச் செலவுக்கும் பார்க்கிங் பிரச்சினைக்கும் நடுவில் எங்காவது, இதைச் சேருங்கள். முகாம் மேசையில் சீட்டு எழுத ஒருவர், காவடிப் பதிவுத் தாளில் ஒரு வரி, குருக்களின் அறிவிப்பு, மூன்றுக்கும் அங்கேயே ஆளைப் பொறுப்பாக்கிவிடுங்கள். ஆளில்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். ஓய்வுபெற்ற நர்ஸ், டிஸ்பென்சர், லேப் டெக்னீஷியன் இல்லாத தமிழ்க் கோயில் இந்தத் தீவில் இருக்கிறதா? உங்கள் உறுப்பினர் பட்டியலைப் புரட்டிப் பாருங்கள். அவர்களில் பலர் பின்வரிசையில் உட்கார்ந்து, யாராவது கூப்பிட மாட்டார்களா என்று பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். கேள்விகளைச் சொல்லிக்கொடுக்க ஒரு சனிக்கிழமைப் பிற்பகல் போதும். எந்தக் கோயில் கூப்பிட்டாலும் நான் வருகிறேன். பஸ் காசுகூட வேண்டாம், எங்களைப் போன்ற மூத்தவர்களுக்கெல்லாம் பஸ் இலவசம்தானே.

புரட்டாசி முதல் சனிக்குள் பதிலை எதிர்பார்க்கும்,

ஓய்வுபெற்ற நர்ஸ் ஒருத்தி,
ரோஸ் ஹில்